தம்பிக்கு ஐ.டி.ஐ. விண்ணப்பம்: எந்தத் தொழிற்பிரிவை முதலில் வைப்பது?

கரிசல்மண்

அனைவருக்கும் வணக்கம். என் தம்பி இந்த ஆண்டு பத்தாம் வகுப்பில் 500-க்கு 271 மதிப்பெண் பெற்றுத் தேர்ச்சி அடைந்திருக்கிறான். கணக்கில் 41, அறிவியலில் 58. பதினோராம் வகுப்பில் சேரப் போவதில்லை என்று தேர்வு முடிவு வருவதற்கு முன்பே சொல்லிவிட்டான். வீட்டில் பழுதான மிக்ஸி, கிணற்று மோட்டாரின் ஸ்டார்ட்டர் பெட்டி என்று எது கைக்குக் கிடைத்தாலும் கழற்றிப் பார்ப்பவன். அவற்றில் பாதியைத் திரும்பச் சரியாகப் பூட்டியும் விடுவான். அதனால் எலக்ட்ரீஷியன் படிக்க வேண்டும் என்பது அவன் விருப்பம்.

எங்கள் ஊர் அருப்புக்கோட்டைக்குப் பக்கத்தில் ஒரு கிராமம். அப்பா சரக்கு வண்டி ஓட்டுகிறார். உறவினர் ஒருவர் பாலிடெக்னிக்கில்தான் சேர்க்க வேண்டும், ஐ.டி.ஐ. என்றால் காலம் முழுவதும் கூலி வேலைதான் என்கிறார். இன்னொருவர் தமக்குத் தெரிந்த தனியார் ஐ.டி.ஐ.யில் 40,000 ரூபாய் கட்டினால் கலந்தாய்வு எதுவும் இல்லாமல் எலக்ட்ரீஷியன் இடம் வாங்கித் தருவதாகச் சொல்கிறார். அப்பாவுக்கு இரண்டாவது யோசனை பிடித்திருக்கிறது. எனக்கு அதில்தான் பயம். அரசு ஐ.டி.ஐ.க்கு எப்படி விண்ணப்பிப்பது, இந்த மதிப்பெண்ணுக்கு எலக்ட்ரீஷியன் கிடைக்குமா, கிடைக்காவிட்டால் அடுத்தபடியாக எதை வைப்பது என்று அனுபவம் உள்ளவர்கள் சொன்னால் நன்றியுடையவளாக இருப்பேன்.

ஓய்வுபெற்ற பயிற்றுநர்

வணக்கம் அம்மா. ஆலை இயந்திரங்களைப் பொருத்திச் சரிசெய்யும் பிட்டர் பிரிவில் இருபத்தெட்டு ஆண்டுகள் பயிற்றுநராக இருந்து ஓய்வு பெற்றவன் என்பதால் சற்று விரிவாகவே எழுதுகிறேன்.

முதலில் அந்த 40,000 ரூபாயை அப்பாவின் கையிலேயே இருக்கச் சொல்லுங்கள். அரசு ஐ.டி.ஐ.க்கான விண்ணப்பம் வேலைவாய்ப்பு மற்றும் பயிற்சித் துறையின் இணையதளம் வழியாகத்தான் பெறப்படுகிறது. விண்ணப்பக் கட்டணம் 50 ரூபாய். தனியார் நிலையங்களில் அரசு ஒதுக்கீட்டுக்கு உரிய இடங்களும் அதே விண்ணப்பத்தின் வழியாகவே நிரப்பப்படுகின்றன என்பது பலருக்குத் தெரிவதில்லை. அரசு நிலையத்தில் கற்பிப்புக் கட்டணம் கிடையாது. வருகைக்கு ஏற்ப மாதம் 750 ரூபாய் உதவித்தொகை, பாடநூல், சீருடை, காலணி, மிதிவண்டி, பேருந்து அட்டை ஆகியவை கிடைக்கும். தம்பி ஆறாம் வகுப்பிலிருந்து அரசுப் பள்ளியில் படித்தவன் என்றால், 2024 ஆகஸ்டில் தொடங்கப்பட்ட தமிழ்ப் புதல்வன் திட்டத்தின் 1,000 ரூபாயும் மாதந்தோறும் அவனுடைய வங்கிக் கணக்குக்கு வரும். சேர்க்கைக்குப் பணம் கேட்கும் எவருக்கும் இந்தக் கணக்கைச் சொல்லிப் பாருங்கள், அவர் பேச்சை மாற்றுவார்.

எலக்ட்ரீஷியன் கிடைக்குமா என்பதை இங்கிருந்து என்னால் உறுதியாகச் சொல்ல முடியாது. பத்தாம் வகுப்பு மதிப்பெண், இனவாரி ஒதுக்கீடு, அந்த ஆண்டு எத்தனை பேர் அதே நிலையத்தைக் கேட்கிறார்கள் என்ற மூன்றையும் பொறுத்தது அது. ஆனால் நான் பணியில் இருந்த காலம் முழுவதும் எந்த நிலையத்திலும் முதலில் நிரம்பியது எலக்ட்ரீஷியன் பிரிவுதான். ஆகவே அதை முதலிடத்தில் வையுங்கள். அது கிடைக்காது என்று வைத்துக்கொண்டு இரண்டாம், மூன்றாம் இடங்களை நிரப்புங்கள். பலர் முதல் விருப்பத்தை ஆசையாகக் குறித்துவிட்டு, மற்றவற்றை நெட் சென்டர்காரர் போக்கில் விட்டுவிடுகிறார்கள். பிறகு ஒதுக்கீட்டு ஆணையில் தையல் தொழில்நுட்பம் என்று வந்திருப்பதைப் பார்த்துத் திகைப்பார்கள். அந்தப் பிரிவில் குறை ஒன்றும் இல்லை, ஆனால் இவன் கேட்டது அதுவல்லவே.

இரண்டாவதாக வயர்மேன் பிரிவைப் பரிந்துரைப்பேன். அதுவும் ஈராண்டுப் படிப்புதான். குறைந்தபட்சக் கல்வித் தகுதி எட்டாம் வகுப்பு என்பதால் பத்தாம் வகுப்பு முடித்தவர்கள் அதைச் சற்று மட்டமாக நினைத்து ஒதுக்கிவிடுகிறார்கள். ஆனால் ரயில்வேயின் உதவி லோகோ பைலட் (உதவி ரயில் ஓட்டுநர்) தேர்வுக்கான அறிவிப்பை எடுத்துப் பாருங்கள்: தகுதியான பிரிவுகள் என்று எலக்ட்ரீஷியன், பிட்டர், டர்னர், மெஷினிஸ்ட், எலக்ட்ரானிக்ஸ் மெக்கானிக், மோட்டார் வாகன மெக்கானிக், டீசல் மெக்கானிக், குளிர்பதனப் பிரிவு ஆகியவற்றோடு வயர்மேனும் அந்தப் பட்டியலில் இருக்கும், வெல்டர் இருக்காது. நான் சொல்ல வருவது இதுதான். பதினைந்து வயதில் நீங்கள் குறிக்கும் ஒரு பிரிவின் பெயர், இருபத்தைந்து வயதில் எந்த வேலை அறிவிப்புக்கு அவன் விண்ணப்பிக்கலாம், எதற்கு முடியாது என்பதை முடிவு செய்துவிடுகிறது. நிலையம் வீட்டுக்கு அருகில் இருக்கிறதா என்பதைப் பிறகு பார்க்கலாம்.

மூன்றாவதாக பிட்டர். என் பிரிவு என்பதால் சொல்கிறேன் என்று நினைத்தாலும் பாதகமில்லை.

டிப்ளமோக்காரன்

பயிற்றுநர் ஐயாவின் அனுபவத்தை மதிக்கிறேன். ஆயினும் உறவினர் சொன்னதில் பாதி உண்மை இருக்கிறது என்பதையும் இங்கே யாராவது எழுத வேண்டும். நான் அரசு பாலிடெக்னிக்கில் மின் மற்றும் மின்னணுவியல் டிப்ளமோ முடித்தவன். இப்போது ஸ்ரீபெரும்புதூரில் பராமரிப்புப் பிரிவில் இருக்கிறேன். எங்கள் ஆலையில் ஐ.டி.ஐ. முடித்தவர் ஆபரேட்டராகச் சேர்கிறார், டிப்ளமோ முடித்தவர் பயிற்சிப் பொறியாளராகச் சேர்கிறார். இரண்டு பேரும் ஒரே இயந்திரத்தின் முன்னால்தான் நிற்கிறோம். அதில் அவர் என்னைவிடக் கைதேர்ந்தவர் என்பதையும் ஒப்புக்கொள்கிறேன். ஆனால் பத்தாண்டுகள் கழித்து யார் மேற்பார்வையாளர் ஆகிறார் என்பது பெரும்பாலும் சேர்ந்த அன்றைக்கே முடிவாகிவிடுகிறது.

டிப்ளமோ முடித்தவர் பொறியியல் பட்டப்படிப்பில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம் என்ற வாய்ப்பும் இருக்கிறது. அரசு பாலிடெக்னிக்கில் கட்டணம் ஓர் ஏழை வீட்டாலும் கட்டக்கூடிய அளவுதான். மூன்று ஆண்டுகளைத் தாக்குப்பிடிக்க முடியுமானால் அதையே முதலில் முயன்று பாருங்கள்.

ஓய்வுபெற்ற பயிற்றுநர்

நீங்கள் சொல்வதை மறுக்கவில்லை. ஆனால் கணக்கில் 41 என்ற எண்ணைக் கவனித்தீர்களா? டிப்ளமோவின் முதல் ஆண்டில் அணிகள், முக்கோணவியல், வகையீடு, தொகையீடு என்று வரிசையாக வரும். அதைத் தாண்ட முடியாமல் அரியர் சேர்த்துக்கொண்டு, மூன்றாம் ஆண்டு முடிந்தும் சான்றிதழ் கைக்கு வராமல் நின்ற பிள்ளைகள் எத்தனையோ பேர் பிறகு எங்களிடம் வந்து சேர்ந்திருக்கிறார்கள். அவர்கள் இழந்தது மூன்று ஆண்டுகள்.

இன்னொரு வழியும் இருக்கிறது. ஈராண்டு ஐ.டி.ஐ. முடித்தவன் டிப்ளமோவில் நேரடியாக இரண்டாம் ஆண்டில் சேரலாம். மொத்தம் நான்கு ஆண்டுகள் ஆகும், அதாவது நேரே டிப்ளமோ போனவனைவிட ஓராண்டு கூடுதல். ஆனால் கையில் இரண்டு சான்றிதழ் இருக்கும், பட்டறை பழகியிருக்கும், பட்டறைக் கணக்கு வழியாகக் கணக்கின் மீதிருந்த பயமும் கொஞ்சம் தெளிந்திருக்கும். பத்தாம் வகுப்புக்குப் பின் ஈராண்டு ஐ.டி.ஐ. முடித்து, பன்னிரண்டாம் வகுப்பின் தமிழ், ஆங்கிலத் தாள்களை மட்டும் தனித்தேர்வராக எழுதித் தேர்ச்சி பெற்றால் பன்னிரண்டாம் வகுப்புக்கு இணையாகக் கருதப்படும் ஏற்பாடும் நம் மாநிலத்தில் உண்டு. ஆகவே ஐ.டி.ஐ. என்றால் அதோடு படிப்பு முடிந்தது என்று உங்கள் உறவினர் நினைப்பது பழைய காலத்து நினைப்பு.

டிப்ளமோக்காரன்

கணக்கு மதிப்பெண்ணை நான் சரியாகப் பார்க்கவில்லை, ஐயா. நானும் முதல் ஆண்டுக் கணக்கை மூன்றாவது முயற்சியில்தான் தேர்ச்சி அடைந்தேன் என்பதை முதல் பதிவில் எழுதாமல் விட்டது நேர்மையில்லை. இருந்தாலும் இரண்டுக்கும் விண்ணப்பித்து வைப்பதில் தவறில்லை என்றே நினைக்கிறேன்.

ஓய்வுபெற்ற பயிற்றுநர்

அதில் எனக்கும் உடன்பாடுதான்.

பெயர்ப்பிழை

அந்தத் தனியார் நிலையத்தைப் பற்றி நான் எழுதியே ஆக வேண்டும். நான் படித்த நிலையத்தின் பெயரையோ ஊரையோ சொல்லப் போவதில்லை.

சேரும்போது "அரசு அங்கீகாரம் பெற்றது" என்று வாசலில் பெரிதாக எழுதியிருந்தார்கள். அது பொய்யில்லை. ஆனால் தேசிய அளவிலான இணைப்பு என்பது நிலையத்துக்கு மொத்தமாகக் கொடுக்கப்படுவதில்லை. ஒவ்வொரு தொழிற்பிரிவுக்கும், அந்தப் பிரிவின் ஒவ்வோர் அலகுக்கும், அதாவது ஒவ்வொரு பயிற்சி வகுப்புக்கும், தனித்தனியாகக் கொடுக்கப்படுகிறது. எங்கள் நிலையத்தில் பிட்டருக்கு அது இருந்தது. நான் சேர்ந்த பிரிவில் ஓர் அலகுக்கு மட்டும் இருந்தது. கூடுதலாகச் சேர்க்கப்பட்ட எங்கள் இருபது பேருக்கு இல்லை. இரண்டாம் ஆண்டு தேர்வுக் கட்டணம் கட்டும் நேரத்தில்தான் எங்களுக்கு அது தெரிந்தது. எங்களில் சிலர் மாநிலக் குழுமத்தின் சான்றிதழுக்குத் தேர்வு எழுதினார்கள். அதுவும் சான்றிதழ்தான், ஆனால் தேசியச் சான்றிதழ்தான் வேண்டும் என்று கேட்கும் அறிவிப்புகளுக்கு அது பயன்படாது. நான் ஓராண்டு காத்திருந்து, இணைப்பு வந்த பிறகு தேர்வு எழுதினேன்.

பிறகு சான்றிதழ் வந்தபோது என் பெயர் தவறாக இருந்தது. பத்தாம் வகுப்புச் சான்றிதழில் தலைப்பெழுத்து முன்னால் இருக்கிறது, ஆதாரில் அப்பா பெயர் முழுமையாகப் பின்னால் இருக்கிறது. நிலைய அலுவலகத்தில் தட்டச்சு செய்தவர் இரண்டையும் கலந்து மூன்றாவதாக ஒரு பெயரை உண்டாக்கிவிட்டார். அதைத் திருத்தி வாங்க எட்டு மாதம் ஆனது. அந்த எட்டு மாதத்துக்குள் ஒரு சான்றிதழ் சரிபார்ப்பு அழைப்பு வந்து, போய்விட்டது.

ஆகவே சகோதரி, விண்ணப்பிக்கும் முன்பே ஆதாரில் உள்ள பெயரும் பிறந்த தேதியும் பத்தாம் வகுப்புச் சான்றிதழோடு எழுத்துக்கு எழுத்து ஒத்திருக்கின்றனவா என்று பாருங்கள். ஒத்திராவிட்டால் ஆதாரைத் திருத்துங்கள், ஏனென்றால் பள்ளிச் சான்றிதழைத் திருத்துவது அதைவிடக் கடினம்.

கரிசல்மண்

படித்ததும் எடுத்துப் பார்த்தேன். தம்பியின் ஆதாரில் பிறந்த ஆண்டு மட்டும்தான் இருக்கிறது, நாளும் மாதமும் இல்லை. நாளைக் காலையே தபால் நிலையத்தில் உள்ள ஆதார் மையத்துக்குப் போகிறோம். மிகவும் நன்றி, அண்ணா.

அப்பாவிடம் இந்தப் பதிவை வாசித்துக் காட்டினேன். அவர் அந்த நிலையத்துக்குத் தொலைபேசியில் பேசி, எலக்ட்ரீஷியன் பிரிவில் எத்தனை அலகுக்கு இணைப்பு இருக்கிறது, ஆணையைக் காட்ட முடியுமா என்று கேட்டார். நேரில் வாருங்கள், பேசிக்கொள்ளலாம் என்றார்களாம். அப்பாவும் அதற்கு மேல் ஒன்றும் சொல்லவில்லை.

தீப்பொறி

வெல்டர் பிரிவைப் பற்றி ஐயா சொன்னது சரிதான், ஆனால் படிப்பவர்கள் அந்தப் பிரிவையே ஒதுக்கிவிடக் கூடாது என்பதற்காக எழுதுகிறேன். நான் அந்த ஓராண்டுப் படிப்பை முடித்துவிட்டுத் திருவெறும்பூர்ப் பக்கத்தில் இரும்புக் கட்டமைப்புகள் செய்யும் ஒரு பேப்ரிகேஷன் பட்டறையில் சேர்ந்தவன். உதவி லோகோ பைலட் கனவு உள்ளவர்களுக்கு இது ஏற்றதல்ல. ஆனால் ஒரே ஆண்டில் சம்பாதிக்கத் தொடங்க வேண்டிய வீடுகளும் இருக்கின்றன.

எங்கள் தொழிலில் ஐ.டி.ஐ. சான்றிதழ் வாசல்வரைதான் கொண்டுபோகும். அதற்கு மேல் போவது கையில் இருக்கும் வேலைதான். சாய்வாக நிறுத்திய குழாயைச் சுற்றிவர ஒட்டும் சிக்ஸ் ஜி நிலையில் சோதனைத் துண்டு செய்து, எக்ஸ்ரே படத்தில் துளையோ கசடோ இல்லாமல் தேறினால்தான் நல்ல கூலி. கொதிகலன் வேலைக்குப் போக வேண்டுமானால் கொதிகலன் ஒழுங்குமுறை விதிகளின்படி தனியாகத் தேர்வு எழுதித் தகுதிச் சான்று வாங்க வேண்டும். நான் அதை நான்காவது ஆண்டில் வாங்கினேன்.

தம்பி பட்டறையைப் பார்க்கப் போனால் ஒன்று சொல்லி அனுப்புங்கள். வெல்டிங் நடக்கும் பக்கம் வெறும் கண்ணால் பார்க்கக் கூடாது. நான் சேர்ந்த முதல் வாரத்தில், மூத்த மாணவர் ஒட்டுவதைக் கொஞ்ச நேரம் பக்கவாட்டில் நின்று வேடிக்கை பார்த்தேன். பகலில் ஒன்றும் தெரியவில்லை. இரவு பதினொரு மணிக்குக் கண்ணுக்குள் ஒரு பிடி மணலை அள்ளிக் கொட்டியது போலத் தொடங்கி, விடியும்வரை அம்மா ஈரத்துணியை மாற்றிக்கொண்டே இருந்தார்.

மைக்ரோமீட்டர்

இந்த இழையைப் பெண்பிள்ளை வைத்திருக்கும் பெற்றோரும் படிப்பார்கள் என்ற நம்பிக்கையில் எழுதுகிறேன். நான் லேத்தில் கடைசல் வேலை கற்றுத்தரும் டர்னர் பிரிவு படித்த பெண். கோவையில் பம்ப் உதிரிபாகங்கள் செய்யும் ஆலையில், கணினி நிரலால் இயங்கும் சி.என்.சி. இயந்திரத்தில் வேலை பார்க்கிறேன்.

ஆண்களுக்கு நாற்பது வயது என்ற உச்ச வரம்பு இருக்கிறது, பெண்களுக்கு வயது வரம்பே இல்லை. எங்கள் வகுப்பில் இரண்டு பிள்ளைகளின் தாய் ஒருவர் படித்தார். கிண்டியில் இருப்பது போலப் பெண்களுக்கென்றே தனி அரசு நிலையங்கள் இருக்கின்றன, ஆனால் பொது நிலையங்களிலும் பெண்களுக்கு ஒதுக்கீடு உண்டு என்பதை விண்ணப்பத்தில் பயன்படுத்திக்கொள்ளுங்கள். பெண்கள் நிலையத்தில் நான் கேட்ட பிரிவு இல்லாததால் பொது நிலையத்தில் சேர்ந்தேன். இருபது பேர் கொண்ட வகுப்பில் நான் ஒருத்திதான். முதல் மாதம் என்னிடம் யாரும் பேசவில்லை. இரண்டாம் மாதம் என் வேலைத்துண்டை இரவல் வாங்கி அளந்து பார்க்கத் தொடங்கினார்கள்.

அரசுப் பள்ளியில் படித்த பெண்களுக்கு 2022 செப்டம்பரிலிருந்தே புதுமைப் பெண் திட்டத்தின் 1,000 ரூபாய் இருக்கிறது. நான் படித்தபோது அது இல்லை.

71 அரசு ஐ.டி.ஐ.க்கள் டாடா டெக்னாலஜீஸ் நிறுவனத்தோடு சேர்ந்து தொழில்நுட்ப மையங்களாக மேம்படுத்தப்பட்டிருப்பதைப் பற்றி யாரும் இங்கே சொல்லவில்லை. ரோபோக்கள், தானியங்கிக் கட்டுப்பாடு, நவீன சி.என்.சி., மின்வாகனம் ஆகியவற்றில் புதிய பிரிவுகள் அங்கே இருக்கின்றன. எங்கள் ஆலைக்கு அந்த சி.என்.சி. பிரிவு முடித்த இரண்டு பேர் வந்திருக்கிறார்கள். திரையில் நிரல் எழுதுவதில் என்னைவிட வேகம். ஆனால் கருவி மழுங்கிவிட்டதைச் சத்தத்தை வைத்துக் கண்டுபிடிக்க அவர்களுக்கு இன்னும் வரவில்லை. அது சாதாரண லேத்தில் நின்றால்தான் வரும். ஆகவே புதிய பிரிவா, பழைய பிரிவா என்று கேட்டால் எனக்கு உறுதியான பதில் இல்லை. ரயில்வே, மின்வாரியம் போன்ற அரசு வேலைகளை மனத்தில் வைத்திருந்தால், அறிவிப்பில் அந்தப் புதிய பிரிவின் பெயர் இருக்கிறதா என்று பார்த்துவிட்டு முடிவு செய்யுங்கள்.

கரிசல்மண்

ஆதார் திருத்தம் பதினோரு நாளில் முடிந்தது. நேற்று விண்ணப்பமும் முடித்துவிட்டோம். எலக்ட்ரீஷியன், வயர்மேன், பிட்டர் என்ற வரிசையில், முதலில் அருப்புக்கோட்டையையும் அடுத்து மதுரை கே.புதூரையும் வைத்திருக்கிறோம்.

பலருக்குப் பயன்படும் என்பதால் ஒரு செய்தி. முதலில் ஊரில் உள்ள நெட் சென்டருக்குத்தான் போனோம். 50 ரூபாய் விண்ணப்பத்துக்கு 350 ரூபாய் கேட்டார்கள், அதைக்கூடப் பொறுத்துக்கொள்ளலாம். கைப்பேசி எண் என்ற இடத்தில் அங்கே இருந்தவர் தம்முடைய எண்ணையே போட்டுவிட்டார். கேட்டதற்கு, "ஓ.டி.பி. வர வசதியாக இருக்கும், எல்லோருக்கும் அப்படித்தான் போடுகிறோம்" என்றார். கலந்தாய்வுத் தேதியும் ஒதுக்கீடும் அவருடைய எண்ணுக்கு வந்தால் எங்களுக்கு யார் சொல்வது? அங்கிருந்து எழுந்து, அரசு நிலையத்தில் உள்ள சேர்க்கை உதவி மையத்துக்கே போய்விட்டோம். அங்கே 50 ரூபாய் மட்டும்தான். பொறுமையாக உட்கார்ந்து, ஒவ்வொரு பக்கத்தையும் தம்பியைப் படிக்கச் சொல்லிய பிறகே அடுத்த பக்கத்துக்குப் போனார்கள். மதிப்பெண் சான்றிதழ், மாற்றுச் சான்றிதழ், சாதிச் சான்றிதழ், ஆதார், புகைப்படம் என்று கேட்ட எல்லாவற்றையும் அப்பா ஒரு மஞ்சள் பையில் போட்டு மடியில் வைத்துக்கொண்டே உட்கார்ந்திருந்தார்.

ஓய்வுபெற்ற பயிற்றுநர்

எண்ணைக் கவனித்தது மிகச் சரி அம்மா. ஒதுக்கீட்டு ஆணை வந்ததே தெரியாமல், சேர வேண்டிய நாள் கடந்த பிறகு அழுதுகொண்டு வந்தவர்களை ஆண்டுதோறும் பார்த்திருக்கிறேன்.

கரிசல்மண்

ஒதுக்கீடு வந்துவிட்டது. மதுரை கே.புதூர் அரசு ஐ.டி.ஐ.யில் பிட்டர். எலக்ட்ரீஷியன் கிடைக்கவில்லை என்று தம்பி இரண்டு நாளாகச் சரியாகச் சாப்பிடவில்லை. இதை விட்டுவிட்டுக் காலியிடங்களுக்கான நேரடிச் சேர்க்கையில் எலக்ட்ரீஷியன் கேட்கலாமா என்கிறான். தினமும் ஒரு வழிக்கே ஏறத்தாழ ஐம்பது கிலோமீட்டர் போய்வர வேண்டுமே என்று அம்மாவுக்குக் கவலை. என்ன செய்வது?

ஓய்வுபெற்ற பயிற்றுநர்

கிடைத்த இடத்தில் சேருங்கள். நேரடிச் சேர்க்கைக்கு எந்தப் பிரிவில் இடம் எஞ்சும் என்பது யாருக்கும் முன்கூட்டித் தெரியாது. முதலில் நிரம்பும் பிரிவு என்று நானே எழுதிய எலக்ட்ரீஷியன் கடைசியில் காலியாக இருக்கும் என்று எதிர்பார்ப்பது நியாயமில்லை.

பிட்டர் என்றால் குழாய் மாட்டுபவர் என்று பலர் நினைக்கிறார்கள். ஓர் ஆலையில் இயந்திரத்தைப் பொருத்துவதும், நின்றுபோனால் பிரித்துப் பார்ப்பதும், தேய்ந்த பாகத்தைச் சரிசெய்து மீண்டும் இணைப்பதும் பிட்டரின் வேலை. கழற்றிப் பார்க்கும் பழக்கம் உள்ளவனுக்கு இதைவிடப் பொருத்தமான பிரிவு வேறில்லை என்று நான் உண்மையாகவே நம்புகிறேன். உதவி லோகோ பைலட் பட்டியலிலும் இருக்கிறது. பெரம்பூர் ஐ.சி.எப். ரயில் பெட்டித் தொழிற்சாலை, திருச்சி பெல், நெய்வேலி என்.எல்.சி. ஆகியவற்றின் தொழில் பழகுநர் (அப்ரண்டிஸ்) அறிவிப்புகளில் பிட்டருக்கு எப்போதும் இடம் உண்டு. படிப்பு முடிந்ததும் 1961-ஆம் ஆண்டுத் தொழில் பழகுநர் சட்டத்தின்படி அந்தப் பழகுநர் பயிற்சியை ஓராண்டு கட்டாயம் முடிக்கச் சொல்லுங்கள். ரயில்வே நிறுவனங்களில் முடித்தவர்களுக்கு அங்கே 'லெவல் 1' எனப்படும் தொடக்க நிலைப் பணியிடங்களில் 20 விழுக்காடு ஒதுக்கீடும் இருக்கிறது.

உள்ளே போன பிறகு கவனிக்க வேண்டியது இரண்டுதான். வருகை 80 விழுக்காட்டுக்குக் குறைந்தால் தேர்வு எழுத முடியாது. எழுத்துத் தேர்வில் தேர்ச்சிக்கு 33 விழுக்காடு போதும், செய்முறையில் 60 வேண்டும். பள்ளியில் இருந்த கணக்கு இங்கே தலைகீழ். பாடநூல்களுக்குக் கிண்டியில் உள்ள தேசியப் பயிற்றுவிப்பு ஊடக நிறுவனம் வெளியிடும் நூல்கள் தமிழிலேயே கிடைக்கின்றன. படங்களோடு நன்றாக இருக்கும், அவற்றையே வாங்கச் சொல்லுங்கள்.

டிப்ளமோக்காரன்

நானும் சேரச் சொல்வேன். இரண்டு ஆண்டு கழித்து இயந்திரவியல் டிப்ளமோவில் நேரடி இரண்டாம் ஆண்டு சேர விரும்பினால் இங்கே எழுதுங்கள். அந்தக் கணக்குத் தாளுக்கு நான் வைத்திருக்கும் குறிப்புகளை அனுப்புகிறேன். மூன்று முறை படித்தவை.

கரிசல்மண்

தம்பி சேர்ந்து மூன்று வாரம் ஆகிறது. சேர்க்கைக் கட்டணம் 200 ரூபாய்க்கு உள்ளேதான் ஆனது. பேருந்து அட்டை இன்னும் கைக்கு வரவில்லை என்பதால் இப்போதைக்கு அப்பாதான் காலையில் பேருந்துக்காசு கொடுத்து அனுப்புகிறார்.

முதல் நாள் இயந்திரம் எதையாவது கொடுப்பார்கள் என்று நினைத்துப் போனவனுக்கு ஓர் அரமும், உள்ளங்கை அளவில் ஓர் இரும்புத் துண்டும் கொடுத்திருக்கிறார்கள். மூன்று வாரமாக அதை ராவிக்கொண்டே இருக்கிறான். ஒரு பக்கத்தைச் சமமாக ராவி, மூலைமட்டத்தை அதன் மேல் வைத்து, ஜன்னலுக்கு நேரே தூக்கிப் பிடித்துப் பார்க்க வேண்டுமாம். இரும்புக்கும் மட்டத்துக்கும் நடுவில் வெளிச்சம் ஒரு கீற்றுத் தெரிந்தாலும் திரும்பவும் ராவ வேண்டும். வலது உள்ளங்கையில் இரண்டு கொப்புளம் வந்து உடைந்திருக்கிறது. எலக்ட்ரீஷியனைப் பற்றி இப்போது பேசுவதில்லை.

நேற்று ராத்திரி சாப்பிட்டு முடித்தவன், எங்கள் வீட்டு வாசல் நிலையைத் தட்டிப் பார்த்துவிட்டு அம்மாவின் தையல் ஸ்கேலை எடுத்துவந்து மூலையில் வைத்து, டார்ச் அடித்துப் பார்த்தான். தொண்ணூறு டிகிரி இல்லையாம். அந்த நிலையை வைத்தது எங்கள் தாத்தா. அவருக்கு இதை யாரும் இன்னும் சொல்லவில்லை.

ஓய்வுபெற்ற பயிற்றுநர்

கொப்புளத்துக்குத் தேங்காய் எண்ணெய் தடவச் சொல்லுங்கள் அம்மா. அரத்தின் கைப்பிடியை அவன் இறுக்கிப் பிடிக்கிறான் என்று தெரிகிறது. பிடியின் முனை உள்ளங்கையின் நடுவில் அழுந்த வேண்டும், விரல்கள் தளர்வாக இருக்க வேண்டும். தள்ளும்போது மட்டும் அழுத்தம், இழுக்கும்போது சும்மா தூக்கிக்கொண்டு வர வேண்டும். இதைச் சொன்னால் அவனுக்குப் புரியும்.